அந்த ஐபியை பிளாக் பண்ணிட வேண்டியதுதானே?

எங்கள் விளையாட்டு சர்வர் அடி வாங்கும்போதெல்லாம், அதாவது யாரோ வேண்டாத டேட்டாவைக் கொட்டி அதை முடக்கும்போதெல்லாம், யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். எவனோ அடிக்கிறான், அவனுக்கென்று ஒரு முகவரி இருக்கும், அந்த முகவரியிலிருந்து வருவதை உள்ளே விடாமல் தடுத்தால் முடிந்தது. கேட்பவர்களில் பாதிப் பேர் ஐடியில் வேலை பார்ப்பவர்கள் என்பதால் கேள்வியில் கொஞ்சம் உரிமையும் இருக்கும்: “அண்ணா, லாக்ல ஐபி தெரியுதுல்ல, தூக்கி ஃபயர்வால்ல போடுங்க.” முடியாது என்றால் நான் சோம்பல் படுகிறேன் என்று நினைப்பார்கள். ஏன் முடியாது என்று விளக்க ஆரம்பித்தால் பாதியில் அடுத்த ரவுண்டு தொடங்கிவிடும். அதனால் ஒருமுறை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013-ல் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி என் மனதில் வேறு மாதிரி உட்கார்ந்துவிட்டது. தடுக்கத்தான் வேண்டும், சரி. யார், எங்கே நின்று தடுப்பது?

எங்களுடையது கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற, பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் சர்வர். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து, ஒரே அறையில் ஆறு பேர் கத்திக்கொண்டே ஆடியவர்கள், வேலைக்குப் போய் ஊர் மாறிய பிறகு மறுபடி ஒன்றுசேர்ந்த இடம். சென்னை, கோவை, மதுரையில் பாதிப் பேர்; மீதிப் பேர் சிங்கப்பூர், கோலாலம்பூர். ஆளுக்கு மாதம் நூறு இருநூறு போட்டு சிங்கப்பூரில் ஒரு சர்வர் எடுத்திருந்தோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடிக் கேபிள் நேராக ஓடுவதால் நல்ல லைன் வைத்திருப்பவர்களுக்கு பிங், அதாவது டேட்டா போய்த் திரும்பும் நேரம், ஐம்பது மில்லி செகண்டை ஒட்டியே இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் நியாயமான இடம் அதுதான். நேரம்தான் கஷ்டம். நமக்கு எட்டு மணி என்றால் அவர்களுக்குப் பத்தரை. இங்கே இருப்பவர்கள் ஆபீஸிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும், அங்கே இருப்பவர்கள் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஆடக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அடி விழுந்ததெல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான்.

வெளியே இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது. டஸ்ட் 2 என்ற மேப்பில் லாங் என்னும் பாதைப் பக்கம் ஐந்து பேர் ஓடிக்கொண்டிருப்போம். முதலில் டேப் அழுத்திப் பார்த்தால் எல்லோருடைய பிங்கும் சேர்ந்து ஏறும். ஒருவருக்கு மட்டும் ஏறினால் அவர் வீட்டு லைன்; அத்தனை பேருக்கும் ஏறினால் விஷயம் வேறு. அப்புறம் எதிரில் ஓடுகிறவன் நின்ற இடத்திலேயே ஓடுவான். திரையின் வலது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் கனெக்‌ஷன் ப்ராப்ளம் என்று வரும், அதற்குக் கீழே தானாகத் துண்டிக்கப்போகும் நொடிகள் தசமப் புள்ளியோடு குறைந்துகொண்டே போகும். வாய்ஸ் சர்வர் வேறு இடத்தில் இருந்ததால் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும். “எனக்கும் போச்சு”, “எனக்கும்”, “சிங்கப்பூர்லயும் போச்சுடா.” நான் இன்னொரு பக்கம் சர்வருக்குள் போகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் வர ஐந்து நொடி ஆகும். பிறகு அதுவும் வராது.

தெரு அடைத்துக்கொண்டால்

ஃபயர்வாலில் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இருபது பேர் சேர்ந்து ஆடினாலும் கவுன்டர் ஸ்ட்ரைக் சில மெகாபிட்டுக்கு மேல் கேட்காது. எங்கள் சர்வருக்குக் கொடுத்திருந்த லைன் 100 மெகாபிட். அதற்குள் ஆயிரக்கணக்கான மெகாபிட்டைத் திணிக்கும்போது, எங்கள் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகள் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அவை வேலை செய்வது சர்வருக்குள். நெரிசலோ அதற்கு முன்னாலேயே, டேட்டா சென்டரின் சுவிட்சில் நடக்கிறது. தெருமுனையிலேயே கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றால் வீட்டு வாசலில் வாட்ச்மேன் போட்டு என்ன பயன்? விருந்தாளியாலும் உள்ளே வர முடியாது. சின்னச் சின்ன அடிகளுக்கு உள்ளே போடும் விதிகள் உதவும், அதை மறுக்கவில்லை. ஒரே முகவரி நொடிக்கு எத்தனை முறை சர்வர் விவரம் கேட்கலாம் என்று கட்டுப்படுத்த கவுன்டர் ஸ்ட்ரைக்கிலேயே ஒரு அமைப்பு உண்டு. ஐபிடேபிள்ஸில் இருக்கும் ஹேஷ்லிமிட் என்ற கட்டுப்பாட்டை வைத்து இன்னும் இறுக்கலாம். போலி ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்பி இடத்தை நிரப்பும் விஷமத்தையெல்லாம் அப்படித்தான் சமாளித்தோம். லைனையே நிரப்பும் அடிக்கு அது போதாது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. விளையாட்டு சர்வர்கள் பெரும்பாலும் யுடிபி என்ற அனுப்பும் முறையில் ஓடுபவை. வேகம் வேண்டும் என்பதால், “நீ யார், நான் பேசுவது கேட்கிறதா” என்ற ஆரம்ப விசாரிப்பு அதில் இல்லை. பாக்கெட், அதாவது டேட்டாவின் சிறு பொட்டலம், வரும், அதன் மேல் அனுப்புநர் முகவரி எழுதியிருக்கும், அவ்வளவுதான். அந்த முகவரியை எழுதுவது அனுப்புபவனே. அவன் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆக லாக்கில் தெரியும் ஐபி அடிப்பவனுடையது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஹோஸ்டிங் கம்பெனி என்ன செய்யும்? எங்களுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி நல்ரூட் போட்டது. அதாவது எங்கள் ஐபிக்கு வரும் எல்லாவற்றையும், நல்லது கெட்டது பார்க்காமல், அவர்கள் ரவுட்டரிலேயே குப்பையில் போட்டுவிடுவது. அதே சுவிட்சில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள் பிழைப்பார்கள், நாங்கள் பல மணி நேரம் இணையத்திலேயே இருக்க மாட்டோம். அடிப்பவன் பத்து நிமிடம் அடித்துவிட்டுத் தூங்கப் போகலாம். மிச்ச வேலையை எங்கள் கம்பெனியே அவனுக்காக முடித்துக் கொடுத்துவிடும். அவர்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்தில் யாரோ ஒருவரின் கடை, யாரோ ஒருவரின் ஆஸ்பத்திரி மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அடிபட்டவனைத் தூக்கி வெளியே வைப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கமான நடைமுறை என்பதை என்னால் இன்றுவரை இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

லைன் நின்றதைவிட வேறொன்றுதான் எங்களை அதிகம் பாதித்தது. முதல் வாரத்திலேயே ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் ஹேக் வைத்திருந்ததற்காக அன்று மதியம்தான் ஒரு பையனைத் தடை செய்திருந்தோம். இரவே அடி விழுந்தது. அவன்தான் என்று எல்லோருக்கும் நிச்சயம். பக்கத்து சர்வர்காரர்கள் எங்கள் ஆட்களை இழுக்கப் பார்க்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. யாராவது வாய்ஸ் சர்வரில் அமைதியாக இருந்தால் அதுவும் சந்தேகம். பத்து வருடம் பழகியவர்கள் ஒருவரை ஒருவர் “நேத்து அந்த நேரத்துல நீ எங்க இருந்த?” என்று கேட்டார்கள். அனுப்புநர் முகவரி பொய்யாக இருக்கக்கூடிய இடத்தில் யார் மேலும் விரல் நீட்ட எங்களிடம் ஆதாரமே இல்லை. அந்தப் பையன் பெயரைப் பொதுவில் சொல்லக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன், சிலர் அதனால் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அடித்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பாக்கெட்டுக்குள் இருந்த பெயர்கள்

அந்த நாட்களில்தான் ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எங்கள் சர்வர் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு சர்வரைத் தாக்குவதாகப் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்றது அது. புகாரோடு லாக்கும் இணைத்திருந்தார்கள். எங்கள் ஐபி, நேரம், எதிரே 28960 என்ற போர்ட் எண், அதாவது மெஷினில் எந்தச் சேவைக்கு என்று சொல்லும் எண். அந்த எண் தெரிந்த எண்தான், கால் ஆஃப் டூட்டி 4 என்ற விளையாட்டின் சர்வர்கள் வழக்கமாக ஓடும் போர்ட். எங்கள் மெஷினை யாரோ உள்ளே புகுந்து பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடும் புராசஸ் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றுமில்லை. வெளியே போன டேட்டாவின் கிராஃபும் சுத்தமாக இருந்தது. நாங்கள் அனுப்பாத பாக்கெட்டுக்கு எங்கள் பெயரில் புகார்.

அடுத்த அடிக்காகத் தயாராக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். உள்ளே வரும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கை திடீரென்று எகிறினால், முதல் சில ஆயிரம் பாக்கெட்டுகளை டிசிபிடம்ப் என்ற கருவியை வைத்து முழுசாகப் பிடித்து டிஸ்க்கில் எழுதிவிட வேண்டும். நல்ரூட் விழுவதற்கு முன் கிடைப்பது அவ்வளவுதான். அன்றிரவே அடி விழுந்தது. சேவை திரும்பி வர நள்ளிரவு தாண்டியது. ஃபைலை இறக்கித் திறந்தேன்.

குப்பை எழுத்துகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது படிக்கக்கூடிய எழுத்து. ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் ஸ்டேட்டஸ் ரெஸ்பான்ஸ் என்ற சொல், அதற்குப் பின்னால் ஒரு சர்வரின் பெயர், ஓடிக்கொண்டிருக்கும் மேப், எத்தனை பேர் ஆடலாம், கடவுச்சொல் உண்டா இல்லையா. கடைசியில் ஆட்களின் பட்டியல். ஒரு வரிக்கு ஒருவர். முதலில் புள்ளி, அடுத்து பிங், அடுத்து மேற்கோள் குறிக்குள் பெயர். பெயருக்கு நடுவே ^1, ^7 என்று நிறக் குறிகள்; ஒன்று சிவப்பு, ஏழு வெள்ளை. அவர்கள் கிளான் (அணி) பெயரைச் சிவப்பில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனுடைய பிங் 200-ஐத் தாண்டியிருக்கிறது, புள்ளி மைனஸில் இருக்கிறது. இன்னொருவன் வெகு முன்னால். எங்கள் லைனை நிரப்பி எங்களை வெளியே தள்ளிய ஒவ்வொரு பாக்கெட்டும், உலகத்தில் வேறு எங்கோ அதே நிமிடம் ஆடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் ஸ்கோர்போர்டு. அப்படி நூற்றுக்கணக்கான சர்வர்கள்.

நடந்தது இதுதான். 1999-ல் வந்த குவேக் 3 விளையாட்டின் எஞ்சினில் ஒரு வசதி உண்டு. கெட்ஸ்டேட்டஸ் என்று ஒரு சின்னக் கேள்வி கேட்டால் சர்வர் தன் முழு விவரத்தையும் அனுப்பும். சர்வர் பட்டியலில் யார் ஆடுகிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த வசதி. அந்த எஞ்சினின் வழிவந்ததுதான் கால் ஆஃப் டூட்டி 4. கேள்வியின் அளவு பதினான்கு பைட். பதில் சில நேரம் ஆயிரம் பைட்டைத் தொடும். அடிப்பவன் அந்தக் கேள்வியை எழுதி, அனுப்புநர் முகவரியில் எங்கள் ஐபியைப் போட்டு நூற்றுக்கணக்கான சர்வர்களுக்கு அனுப்புகிறான். அவை நல்ல பிள்ளைகளாக எங்களுக்குப் பதில் அனுப்புகின்றன. 2014 ஜனவரியில் அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழு இந்த மாதிரிப் பெருக்கும் நெறிமுறைகளைப் பட்டியல் போட்டு எச்சரித்தபோது, குவேக்குக்குக் கொடுத்த எண் 63.9 மடங்கு. கடிகாரம் சரிசெய்யும் என்டிபிக்கு 556.9. எங்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் வகையறாவுக்கு 5.5, அதாவது எங்களையும் யார் மேலாவது ஏவலாம், கொஞ்சம் பலம் குறைவு, அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் சர்வர் நடத்துபவர்கள் தங்கள் பெயர், இமெயில், வெப்சைட், ஊர் ஆகியவற்றை ஸ்டேட்டஸிலேயே எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. ஆக என்னைத் தாக்கிய பாக்கெட்டிலேயே, யாருக்கு எழுத வேண்டும் என்ற முகவரியும் இருந்தது. சிலருக்கு எழுதினேன். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. ஜெர்மனியிலிருந்து ஒருவர் போட்டார். என் ஐபியைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருடைய லாக்கில், இரவும் பகலும் ஓயாமல் ஸ்டேட்டஸ் கேட்டு அவர் சர்வரை வதைக்கும் எதிரி நாங்கள்தான். அவருடைய ஆட்களுக்கும் அந்த நேரங்களில் லேக் அடித்திருக்கிறது. எங்கள் கம்பெனிக்குப் புகார் அனுப்பியது அவரே. புகாருக்குப் பயன் இல்லை என்றதும் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். எங்கள் ஐபியை பிளாக் பண்ணியிருந்தார்.

அந்த மெயிலை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னிடம் எல்லோரும் செய்யச் சொன்னதை அவர் செய்திருக்கிறார். லாக்கைப் பார்த்தார், ஐபி தெரிந்தது, தூக்கி ஃபயர்வாலில் போட்டார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் குற்றவாளி தமிழ்நாட்டுப் பையன்கள் ஆடும் ஒரு சர்வர். என் இடத்தில் இருந்து பார்த்தால் குற்றவாளி ஒரு ஜெர்மன் ஊர்க் கூட்டம். இரண்டு பக்கமும் வேலை முடித்து வந்து, கைக்காசு போட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவர்கள். நடுவில் நின்று இருவர் பெயரிலும் மாறி மாறிப் பொய்க் கடிதம் போடுகிறவன் எந்த லாக்கிலும் இல்லை. அவர் தடையை எடுத்துவிட்டு, யார் கேட்டாலும் இத்தனை நொடிக்கு ஒரு முறைதான் பதில் என்று விதி மாற்றினார். எப்படி எழுதினார் என்பதையும் அனுப்பினார். நான் அதை எங்கள் போர்ட்டுக்கு ஏற்றாற்போல் மாற்றி, தெரிந்த சர்வர்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.

விளையாட்டு என்று ஒதுக்கியவை

“கேம் சர்வருக்கு இவ்வளவா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தை உலுக்கிய பெரிய தாக்குதல்களைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் அடிக்கடி ஒரு விளையாட்டில் போய் நிற்கும். 2016-ல் மிராய் என்ற பாட்நெட் வந்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும், கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர்களையும் பிடித்துப் படையாக்கியது. அந்தச் செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் தளத்தின் மேல் நொடிக்கு 620 ஜிகாபிட் அளவில் பாய்ந்தது. அதே மாதம் பிரான்ஸின் ஓவிஎச் ஹோஸ்டிங் நிறுவனத்தையும் அடித்தது. 1,45,000-க்கும் மேற்பட்ட கேமராக்கள், டிவிஆர்கள் என்று அதன் நிறுவனரே சொன்னார். எழுதியது எந்த நாட்டு உளவுத்துறையும் இல்லை. அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். அவர்களில் பராஸ் ஜா மைன்கிராஃப்ட் சர்வர்களின் உலகத்திலிருந்து வந்தவர். அடியிலிருந்து காப்பாற்றும் சேவை விற்கும் கம்பெனி ஒன்றையும் அவர்கள் நடத்தினார்கள். ஒரு கை அடிக்க, மறு கை காப்பாற்றக் காசு கேட்டது. 2018-ல் அவர்களுக்கு ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேர சமூக சேவையும் தண்டனையாகக் கிடைத்தன. விசாரணைக்கு நிறைய உதவினார்கள் என்பதும் அதில் கணக்கில் வந்தது. அதே 2016 அக்டோபர் 21-ல் தளப் பெயர்களை ஐபியாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தை அடித்து ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை முடங்கிய சம்பவத்தில், பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அப்போது மைனர். அவருடைய குறி சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்.

2022 ஜனவரியில் ஸ்பானிஷ் ஸ்ட்ரீமர்கள் ஆடிய ஒரு மைன்கிராஃப்ட் போட்டியின் நடுவே அண்டோராவின் இணையம் விட்டு விட்டுப் போனது. ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே மலைக்குள் இருக்கும் குட்டி நாடு. அங்கே தொலைத்தொடர்பு நிறுவனமே ஒன்றுதான். போட்டியாளர்கள் சிலர் அங்கே வசிப்பவர்கள் என்பதால் அடி அந்த நிறுவனத்தின் மேல் விழுந்தது. அதே வருடம் வின்கிராஃப்ட் என்ற மைன்கிராஃப்ட் சர்வர் மேல் மிராயின் வழிவந்த ஒன்று 2.5 டெராபிட் அடித்தது. இரண்டு நிமிடம்தான். தாங்கியது இணையத் தளங்களைக் காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம்.

தாங்கியது யார் என்பதைக் கவனியுங்கள். இந்த அளவு அடியைத் தாங்க உலகம் முழுக்க லைன் வைத்திருக்கும் ஒரு சில நிறுவனங்களால் மட்டுமே முடியும். எங்களை மாதிரி ஒரு கூட்டம் சொந்தமாக ஒரு மெஷின் வைத்து, தனக்குப் பிடித்த விதிகளோடு ஒரு இடத்தை நடத்துவது என்பது, அவர்களில் யாராவது ஒருவருக்குப் பின்னால் ஒளிந்தால்தான் சாத்தியம் என்று ஆகிவிட்டது. நாங்களும் அதைத்தான் செய்தோம். பழைய கம்பெனியிடம், “28960-லிருந்தும் 27960-லிருந்தும் வரும் யுடிபி எங்களுக்கு வேண்டவே வேண்டாம், உங்கள் ரவுட்டரில் ஒரு வரி போடுங்கள்” என்று கேட்டோம். 27960 குவேக் 3-இன் வழக்கமான போர்ட். எங்கள் பிளானுக்கு அந்த வசதி இல்லை என்றார்கள். விளையாட்டு சர்வர்களுக்கென்றே வடிகட்டும் வசதி வைத்திருந்த வேறு கம்பெனிக்கு மாறினோம். மெஷின் ஐரோப்பாவில். பிங் மூன்று மடங்கானது. மாதக் காசும் ஏறியது. கோலாலம்பூர் ஆட்கள் மெதுவாக வருவதை நிறுத்தினார்கள். குறி வைத்துச் சுடும்போது எதிராளி அரை அடி தள்ளி நின்றால் யாருக்குத்தான் ஆட மனம் வரும்? பிறகு சிங்கப்பூரிலேயே வடிகட்டும் வசதி மலிவாக வந்து நாங்கள் திரும்பி வந்தோம். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

பொய் கிளம்பும் இடம்

என் கோபம் அடித்தவன் மேல் அவ்வளவாக இல்லை. காசு கொடுத்தால் யாரை வேண்டுமானாலும் அடித்துத் தரும் பூட்டர் தளங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. 2018 டிசம்பரில் எஃப்பிஐ 15 தளங்களை முடக்கியது, 2022 டிசம்பரில் இன்னும் 48. முடக்க முடக்க முளைக்கின்றன. பதினாறு வயதுப் பையன் கையில் அது கிடைத்தால் என்ன செய்வான் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். என் கோபம் அவன் எழுதிய பொய் முகவரியைப் பார்த்தும் பார்க்காமல் வெளியே விட்ட நெட்வொர்க் மேல். ஒரு இணைய நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளர்களுக்கு எந்தெந்த முகவரிகளைக் கொடுத்திருக்கிறோம் என்று தெரியும். கொடுக்காத முகவரியை அனுப்புநராக எழுதிக்கொண்டு ஒரு பாக்கெட் வெளியே கிளம்பினால் அது பொய் என்று அந்த இடத்தில், அந்த ஒரு ரவுட்டரில், சந்தேகமில்லாமல் தெரியும். நடுவழிக்கு வந்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜெர்மன்காரரால் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தைப் பொய் முகவரிப் பாக்கெட்டுகளால் முடக்கினார்கள். 1998 ஜனவரியில், கிளம்பும் இடத்திலேயே வடிகட்டுங்கள் என்று ஆர்எஃப்சி 2267 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வந்தது. 2000 மே மாதம் அதைத் திருத்தி ஆர்எஃப்சி 2827 என்று, பிசிபி 38 என்ற பெயரில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறையாக வைத்தார்கள். எங்களுக்கு அடி விழுந்தது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து. இன்றும் யார் கடைப்பிடிக்கிறார்கள், யார் இல்லை என்று அளந்து பார்க்கும் ஸ்பூஃபர் என்ற திட்டத்தை சான் டியாகோவில் இருக்கும் கெய்டா ஆய்வு மையம் நடத்துகிறது, அதன் பட்டியலில் தோற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் எளிது. வடிகட்டி போடுவதால் போடும் நிறுவனத்துக்கு ஒரு லாபமும் இல்லை. தவறாகப் போட்டால் தன் வாடிக்கையாளர் திட்டுவார். சரியாகப் போட்டால் பலன் போவது உலகத்தின் மறுகோடியில் இருக்கும், பெயர்கூடத் தெரியாத யாரோ ஒருவருக்கு. நன்றி சொல்லக்கூட அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்கு எதுவும் நடந்திருக்காது.

விளையாட்டு எழுதுகிறவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். குவேக்கைத் திறந்த மூலமாகத் தொடரும் ஐஓகுவேக்3 குழு ஸ்டேட்டஸ் பதிலுக்குக் கட்டுப்பாடு போட்டது. சம்பளம் வாங்காத ஆட்கள். வால்வ் நிறுவனம் 2020 டிசம்பரில், விவரம் கேட்பவர் முதலில் ஒரு எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் முழுப் பதில் என்று மாற்றியது. பொய் முகவரிக்காரனுக்கு அந்த எண் போய்ச் சேராது, அதனால் திருப்பிச் சொல்ல முடியாது. அருமையான மாற்றம்தான். ஆனால் இப்படி ஒவ்வொரு சேவையாகப் பூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் மெம்கேஷ்டு என்ற, விளையாட்டோடு தொடர்பே இல்லாத மென்பொருளைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாக்கி, நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தை 1.35 டெராபிட்டில் அடித்தார்கள். பொய் வெளியே போகும் வழி திறந்திருக்கும்வரை எதிரொலிக்க ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் பழைய ஆட்களில் ஒருவர் இப்போது தென் மாவட்டத்தில் ஒரு சின்ன கேபிள் இன்டர்நெட் நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறார். ஆட்டத்தில் எப்போதும் கடைசி ஆளாக நின்று குண்டை டிஃப்யூஸ் பண்ணுகிறவர். போன வருடம் பேச்சு இதில் வந்து நின்றபோது, “நம்ம பக்கம் எப்படி இருக்கு மாப்ள?” என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர்களிடம் இருப்பது மைக்ரோடிக் ரவுட்டர்கள். வீட்டு இணைப்புகளில் பெரிய பயம் இல்லை, பெரும்பாலும் நிறுவனத்தின் முகவரிக்கு மாற்றித்தான் வெளியே போகிறது. திறந்து கிடந்தது தனி ஐபியோடு லீஸ்டு லைன், அதாவது தனக்கென்றே ஒதுக்கிய இணைப்பு, வாங்கியவர்கள் பக்கம். அங்கிருந்து என்ன முகவரி எழுதினாலும் வெளியே போனது. அனுப்புநர் முகவரி சரியான வழியில் வந்ததா என்று பார்க்கும் ஆர்பி ஃபில்டரைக் கடுமையான நிலையில் வைத்தார். மறுநாள் காலையே ஒரு மில்லிலிருந்து போன் வந்தது. அவர்களுக்கு இரண்டு கம்பெனி லைன். ஒன்றில் வந்ததற்கு மற்றதில் பதில் போவதால் பாதி வேலை செய்யவில்லை. முதலாளி எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். இவர் எடுக்கவில்லை. அந்த ஒரு இணைப்பை மட்டும் தனியாகப் பிரித்து, மில்லுக்குச் சொந்தமான இரண்டு முகவரித் தொகுப்புகளையும் கையால் பட்டியல் போட்டு அனுமதித்தார். மற்றவர்களுக்கு வடிகட்டி அப்படியே இருக்கிறது. அந்த வாரம் லீஸ்டு லைனில் லேப்டாப்பை நேராகச் செருகி ஸ்பூஃபரை ஓட்டிப் பார்த்து, பொய் முகவரி வெளியே போகவில்லை என்ற முடிவை எங்கள் குரூப்பில் போட்டார். கீழே ஒருவர் அது என்ன என்று கேட்டிருந்தார். அவருக்கு நான் எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.